பதம்

மூன்று கத்திகளை எடுத்து மேசையில் வைத்தான் ஃபெர்னான்.
என் மகனோடு பள்ளியில் படித்தவன்,
இப்போது பொறிகளும் பனிக்காலணிகளும் விற்கிறான்.
ஒன்றுக்கு இரு முனையிலும் பிடி,
அலகில் என் மூக்கு தெரிந்தது:
நூற்றெண்பது டாலர்.
இன்னொன்று அரைநிலா, உள்ளங்கைக்குள் அடங்கும்.
மூன்றாவதற்கு விலைச்சீட்டு இல்லை.
அதன் விளிம்பில் விரலை ஓட்டினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
மொக்கை. வேண்டாம் என்றேன்.

வண்டியின் பின்னால் என் முதல் பீவர்
தார்ப்பாய்க்கு வெளியே வாலை நீட்டிக் கிடந்தது.
மைனஸ் இருபத்தாறு. அதற்கு அவசரமில்லை.
எனக்கிருந்தது.
உரிம வகுப்பில் பொறிச்சட்டம் முப்பது பக்கம் படித்தேன்,
தோலில் ஒட்டிய சதையை வழிப்பதற்கு
அரைப்பக்கம், அதிலும் ஒரு படம்.
"கூரானதைக் கொடு."
ஃபெர்னான் தோளைக் குலுக்கினான்.
அரைநிலாவுக்கு ஐம்பத்தெட்டு.
மிச்சத்தில் ஒரு காபி.

பதினெட்டு வருடம் மர ஆலையில்
இழைப்பு எந்திரத்தின் பக்கத்தில் நின்றவள் நான்.
வெள்ளிதோறும் மழுங்கிய அலகுகளைக் கழற்றி
தகர டப்பாவில் எறிவேன், நங் நங்கென்று.
மொக்கை என்றால் குப்பை.
ஆலை மூடிய பிறகும்
கை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

உரித்தெடுக்கவே அரைநாள் போனது, அது வேறு கதை.
கராஜில் நீலக் குழாயைச் சாய்த்து நிறுத்தி
தோலைப் போர்த்தினேன், மயிர் அடியில், கொழுப்பு மேலே.
வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு
கத்தியைக் கீழ்நோக்கித் தள்ளினேன்.
கொழுப்பு வெள்ளைச் சுருளாக வந்தது,
இழைப்புச் சுருள் மாதிரியே,
மனசு குளிர்ந்துபோய் இன்னும் வேகமாகத் தள்ளினேன்.
சுருளுக்குப் பின்னால் மயிர்க்கால்கள் வந்தன.
மயிர்க்கால்களுக்குப் பின்னால்
குழாயின் நீலம்.

நான்கு ஓட்டைகள்.
பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
நட்சத்திரம் என்று சொல்லலாம்தான்.
ஏலத்தில் தரம் பிரிப்பவன் அப்படிச் சொல்லமாட்டான்.
இரண்டு, முலைக்காம்பு இருந்த இடம்.
கத்தி அதில் இடறியிருக்கிறது.
அது பெண் என்று
அப்போதுதான் எனக்குத் தெரியும்.
கொஞ்ச நேரம் வாளியின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

இடுப்பு விண்விண்ணென்றது.
குழாய் எனக்குக் குட்டை,
எவனோ குள்ளனுக்காகப் போட்ட அளவு.
அடியில் பழைய டயர் இரண்டு கொடுத்தேன்.
நான்கு ஓட்டைகளையும் பல்லிடுக்கு நூலால் தைத்தேன்,
புதினா வாசனையோடு
நெருக்கமாக, கோபமாக.

அடுத்த வாரம் கஸ்தூரி எலி ஒன்று.
காகிதம்போல் தோல்.
அரைநிலாவைத் தொடவே பயம்.
அடுக்களையில் போய்
இழுப்பறையைத் திறந்து நின்றேன்,
வெண்ணெய்க்கத்தி, முள்கரண்டி,
பிறகு சூப் கரண்டி.

எட்டு நிமிடம்.
கொழுப்பு தானாகவே விலகிப் போனது,
அறுபடாமல், வழிவிட்டுக்கொண்டு.
கூர் வேறு, பதம் வேறு என்று
என் கட்டைவிரலுக்கு
அன்றைக்குத்தான் தெரிந்தது.
பீவருக்குக் கூரும் வேண்டியிருக்கும்,
அந்தக் கெட்டிச் சவ்வு கரண்டிக்கு மசியாது,
ஆனால் எங்கே நிறுத்துவது என்பதை
மொக்கையிடம்தான் கேட்க வேண்டும்.

மறுபடி ஃபெர்னானின் கடை.
"அந்த மூன்றாவது என்ன விலை?"
"அது விற்பனைக்கில்லை. நான் வழிப்பது.
துடைத்துவிட்டு வைத்திருந்தேன், நீ எடுத்துப் பார்த்தாய்."
"அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"
"நீ கூரானதைக் கேட்டாய்."
பேசாமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.
பனி உருகும்போது திருப்பித் தர வேண்டும்.
அரைநிலாவைத் திரும்ப எடுக்கமாட்டானாம்.

இரவு பட்டாணி சூப்.
ரெஜான் கரண்டியை வாயருகே கொண்டுபோய்
நிறுத்தினான், முகர்ந்தான்,
என்னைப் பார்த்தான்.
நான் உப்பை அவன் பக்கம் தள்ளினேன்.